ரைஹானா எந்தக் கிணறு

சாப்பாட்டுக் காட்சியைக் குளிர்காலத்தில் வந்த ரமலான் மாதத்தில், அதுவும் நட்டநடு மதியத்தில் வைத்துக்கொண்டது இயக்குநர் உஸ்தாத் நிஹாத் தனக்குத்தானே தேடிக்கொண்ட வினை. டமாஸ்கஸுக்கு வெளியே பொட்டல்வெளியில், பலகையும் களிமண்ணும் கொண்டு எழுப்பிய ஊரின் முற்றத்தில் ஏழு பெரிய தாம்பாளங்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் கோதுமைச் சோறு, அதன் மேல் ஆட்டிறைச்சி, எல்லாம் நிஜம். நோன்பிருக்கும் நாற்பது பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து, கையை வாய்வரை கொண்டுபோய் அப்படியே திருப்ப வேண்டும். முகத்தில் மட்டும் நிறைவு தெரிய வேண்டும். ஆட்டின் வாசனை காற்றில் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டார். காலையிலிருந்து சிகரெட் இல்லாத நிஹாத், அடுத்து யார் மேல் எரிந்து விழலாம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வதாத் எழுந்து நின்றார். அறுபதைத் தாண்டிய நடிகை. இந்தத் தொடரில் அவருக்கு ரைஹானா என்ற சின்ன வேடம். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகிற தனிக்கட்டை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏழு தாம்பாளங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் யாரோட உக்காந்து சாப்பிடறது?"

உதவி இயக்குநர் சிரித்தான், ஒன்றிரண்டு நடிகர்களும் சிரித்தார்கள். நிஹாத் சிரிக்கவில்லை. கூடாரத்து ஓரத்தில் கணப்பைக் காலுக்கருகே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மஹாசின் பக்கம் திரும்பினார்.

"ஆனிசா, இவங்க எந்தக் கிணறு?"

மஹாசினுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகாததால் இன்னும் 'ஆனிசா'தான். அந்த ஊரை உண்டாக்கியவள் அவள். களிமண்ணும் பலகையும் வேறு ஆட்களின் வேலை. அதற்குள் யார் யாருக்கு உறவு, யார் யாரைக் கட்டலாம், சண்டை வந்தால் யார் தீர்ப்பது, செத்தால் யார் தூக்குவது என்பதெல்லாம் அவள் மண்டையிலிருந்து வந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்திய வருஷத்துத் தொடரில் வில்லன் நாவிதனாக இருந்தான். ரமலான் முடிவதற்குள் ஏதோ ஒரு ஊரின் நாவிதர் வம்சம் முழுக்கக் கம்பெனி வாசலில் வந்து நின்றது. அதற்கு முந்திய வருஷம் ஒரு மளிகைக்காரர், 'என் தாத்தாவின் மீசையைத்தான் காட்டியிருக்கிறீர்கள்' என்று வழக்குப் போடக் கிளம்பினார். நிஹாத் நொந்துபோய் மஹாசினைக் கூப்பிட்டு ஒரே ஒரு கட்டளை போட்டார். ஊர் வேண்டும், ஆனால் எந்த ஊராகவும் இருக்கக் கூடாது. மனிதர்கள் வேண்டும், ஆனால் 'இது நான்தான்' என்று ஒருத்தனும் எழுந்து நிற்கக் கூடாது.

அப்படித்தான் தம்ரான் என்ற ஊர் பிறந்தது. ஏழு கிணறுகள், கிணற்றுக்கு நாலைந்து வீடுகள். ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள் ஒருவரையொருவர் மணக்க முடியாது. மணப்பெண் தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர் சுமந்துபோய்க் கணவனின் கிணற்றில் ஊற்றுவாள். அதன் பிறகு அவள் இரண்டுக்கும் சொந்தம். ஒரு கிணற்றில் தகராறு என்றால் வேறு கிணற்றின் பெண்கள் உட்கார்ந்து தீர்ப்பார்கள். கிணற்றில் இறங்கித் தூர் வாருகிறவன் முதலில் சாப்பிடுவான், ஊர்த் தலைவன் கடைசியில். கூப்பிடுவதும் கிணற்றின் பேரைச் சொல்லித்தான்: ஆழக்கிணற்று சுஹைல், உப்புக்கிணற்று நௌஃபா. மஹாசின் மிக ஆசைப்பட்டு வைத்த விதி அது. அவள் வாழும் நகரத்தில் மூத்த பிள்ளை பிறந்த அன்றே ஒருத்தியின் சொந்தப் பெயர் பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் அவள் ராமிஸின் அம்மா, அனஸின் அம்மா: உம்மு ராமிஸ், உம்மு அனஸ். பிள்ளை இல்லாதவளுக்கு முடி நரைத்தாலும் பள்ளிக்கூடத்து டீச்சரைக் கூப்பிடுவதுபோல் 'ஆனிசா'.

இந்த விதிகளையெல்லாம் சோதித்துப் பார்த்தவள் அவள் அம்மா. பக்கத்து அறையில் படுத்த படுக்கையாக இருந்துகொண்டே, மகள் உரக்கப் படித்துக் காட்டுவதைக் கேட்டுக் குறுக்கே குறுக்கே வருவாள். தலைப்பிரசவம் எந்தக் கிணற்றில் என்பாள். விதவையானால் குடத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவாளா என்பாள். மாமியாரும் மருமகளும் ஒரே கிணற்றுக்காரிகளாக இருந்துவிட்டால் வீட்டில் சண்டையே வராதே, அப்புறம் என்ன நாடகம் என்பாள். மஹாசின் ஓடி ஓடி ஓட்டைகளை அடைப்பாள். இலையுதிர் காலத்தில் அம்மா போகும்போது தம்ரானில் அடைக்க வேண்டிய ஓட்டை எதுவும் மிச்சமில்லை என்றே அவள் நினைத்திருந்தாள்.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. அப்படி ஒருத்தி சாயங்காலம் எந்தத் தட்டில் கை வைப்பாள் என்று அம்மா கேட்கவேயில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. அப்போது சாயங்காலங்களில் மஹாசின் அம்மாவோடுதானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அரை மணி நேரம் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கூடாரத்துக்குள் போனாள்.

உள்ளே போனதும் விதி தானாக வந்துவிட்டது. எங்கேயோ தயாராகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி வந்தது. தம்ரானில் தனிக்கட்டைகள் தாம்பாளத்தில் உட்கார மாட்டார்கள். ஏழு கிணறுகளும் முறை வைத்து அவர்கள் வாசலுக்குத் தட்டு அனுப்பும். சாப்பிட்டுவிட்டு அவர்கள் தட்டைக் கழுவி, வந்த வீட்டு வாசலில் வெறுமையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். கவிழ்ந்த தட்டுக்கு அர்த்தம், 'கிடைத்தது, நான் இருக்கிறேன்' என்பது. கவிழ்ந்த தட்டைப் பார்த்த வீடு ஒன்றும் கேட்கக் கூடாது, ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு நாள் தட்டு திரும்பி வரவில்லையென்றால் மட்டும் யாராவது போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

நிஹாத் அதை இரண்டு முறை படித்தார். அவர் கெட்டவர் இல்லை. நல்ல நாளிலேயே மூக்கின் மேல் கோபம், அவ்வளவுதான். வெறும் தட்டைத் திருப்பி அனுப்புவதா என்று கேட்டார். ரமலானில் பக்கத்து வீட்டுத் தட்டு வந்தால் அதில் நம் வீட்டுச் சமையலை வைத்துத்தானே திருப்புவோம், என் அம்மாவிடம் ஒருத்தி வெறுந்தட்டை நீட்டியிருந்தால் அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்திருக்கும், இதைப் பார்க்கிற பெண்களெல்லாம் 'இவர்கள் என்ன ஜென்மங்கள்' என்று காறித் துப்புவார்கள் என்றார். ஒட்டகத்தின் எலும்பை வைத்து மழை பெய்யுமா என்று பார்க்கிற தம்ரானை அவர் மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவர்.

"எல்லாத்தையும் நம்புவாங்க ஆனிசா. இதை நம்ப மாட்டாங்க. வேற எழுதுங்க."

வேறு எழுதுவதற்கு அவளுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. ரைஹானாவின் வாசலுக்குத் தட்டு வருகிறது. திருப்பி வைத்து அனுப்ப அவளிடம் ஒன்றுமில்லை. நாளைக்கு ஏதாவது செய்து வைத்து அனுப்பலாம் என்று கழுவி எடுத்து வைக்கிறாள். மறுநாள் இன்னொரு தட்டு. அதற்கு மறுநாள் இன்னொன்று. இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பதால் ஒன்றுக்கும் செய்ய முடியவில்லை. பிறகு தட்டு வருவது நின்றுவிடுகிறது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரைஹானா சுவரோரம் அடுக்கிய தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த பகுதிக்குள் ஊரைவிட்டே போய்விடுகிறாள். வீட்டைத் திறந்து பார்க்கிறவர்களுக்குத் தட்டுகள் மட்டும் கிடைக்கின்றன.

நிஹாத் ஒருமுறைதான் படித்தார்.

"ஆங். இது நம்பற மாதிரி இருக்கு."

சாப்பாட்டுக் காட்சியில் வதாத்தை எங்கும் உட்கார வைக்கவில்லை. தாம்பாளங்களைத் தாண்டித் தூரத்தில் அவர் நடந்துபோவதுபோல் எடுத்துக்கொண்டார்கள். வெளிச்சம் மிச்சமிருந்ததால் தட்டுக் காட்சியையும் அன்றே முடித்தார்கள். வதாத் ஒவ்வொரு தட்டையும் போர்வை முனையால் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார். அது எழுத்தில் இல்லை. முடிந்ததும் மஹாசினிடம் வந்து யாரைப் பார்த்து இதை எழுதினாய் என்று கேட்டார். யாரையும் பார்த்து எழுதவில்லை என்றாள் மஹாசின். அது பொய்யும் இல்லை. வீட்டில் அவள் கண்ணாடிகூட அதிகம் பார்ப்பதில்லை.

டமாஸ்கஸின் முஹாஜிரீன் மேட்டில், மூன்றாவது மாடியில், அவள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் அந்தத் தட்டுகள் இருந்தன. வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் பச்சைக் கோடு. எதிர்வீட்டு உம்மு ராமிஸினுடையவை. ரமலான் பிறந்த முதல் நாள் நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் முன்பு உம்மு ராமிஸ் கதவைத் தட்டி, தயிரில் வேகவைத்த கிப்பே இறைச்சி உருண்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். மஹாசின் அதை ஆலிவும் பாலாடைக்கட்டியும் இருந்த மேஜையில் வைத்து, அம்மா போன பிறகு முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள். அம்மா இருந்தவரை அம்மாதான் சமைத்தாள், படுக்கையில் விழுந்த பின் படுக்கையிலிருந்தே எவளையாவது ஏவிச் சமைக்க வைத்தாள். மஹாசின் சம்பாதித்துக் கொண்டுவந்தவள். அவளுக்கு முட்டை பொரிக்கத் தெரியும். முட்டையைத் தட்டில் வைத்து எதிர்வீட்டுக்கு அனுப்ப முடியாது.

இரண்டாம் நாள், காய்க்குள் அரிசி அடைத்து வேகவைக்கும் மஹ்ஷி செய்து பார்த்தாள். சுரைக்காய் வெடித்து அரிசியெல்லாம் வெளியே வந்தது. கடையில் இனிப்பு வாங்கி வைக்கலாம் என்று யோசித்தாள். கடைப் பண்டத்தைத் திருப்பி வைப்பது, உன் சாப்பாட்டுக்கு இதுதான் விலை என்று சொல்வதுபோல் ஆகிவிடும். அன்றைக்கும் தட்டு வந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு நின்றுவிட்டது. படியில் பார்த்தால் உம்மு ராமிஸ் சலாம் சொல்வாள், உடம்பு எப்படி என்பாள், மேலே போய்விடுவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கச் சொல்லும் பீரங்கிச் சத்தத்துக்கு முன்னால் எதிர்க்கதவு திறப்பதும் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் செருப்புச் சத்தம் போய் வருவதும் மஹாசினுக்குக் கேட்கும். தன் வாசலைத் தாண்டும்போது அந்தச் சத்தம் கொஞ்சம்கூடத் தயங்குவதில்லை. அதைக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

இன்னொரு சத்தமும் இல்லாமல் போயிருந்தது. அம்மாவுக்கு இருந்தது ஒரே மகள் என்பதால் அம்மா இந்தக் கட்டடத்தில் 'உம்மு மஹாசின்'. காலையிலிருந்து இரவுவரை படிக்கட்டில் யாராவது, உம்மு மஹாசின் ரொட்டி வந்துடுச்சு, உம்மு மஹாசின் தண்ணி நின்னுடுச்சு என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். அத்தனை வருஷமும் தன் பெயர் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது அவளுக்கு உறைக்கவேயில்லை. அம்மாவைப் புதைத்த அன்று அந்தப் பெயரும் சேர்ந்து மண்ணுக்குள் போனது. இப்போது அவளைக் கூப்பிட ஆனிசா போதும். அழுகை வந்தது அம்மாவுக்காகவா பெயருக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதாள்.

தட்டுக் காட்சி ரமலானின் கடைசி வாரத்தில் ஒளிபரப்பானது. நோன்பு திறந்து, தேநீர் கொதித்து, நகரம் முழுக்க ஒரே தொடரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம். மஹாசின் தன் தொலைக்காட்சிப் பெட்டியைப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. மேலேயிருந்தும் கீழேயிருந்தும் எதிரிலிருந்தும் தம்ரான் ஊர் அவள் அறைக்குள் வந்தது. தலைவனின் இருமல், தூர் வாருகிறவனின் பாட்டு. பிறகு வசனமே இல்லாத இடம் வந்தது. மூன்று வீடுகளிலும் ஒரே சமயத்தில் சத்தம் அடங்கியது. எதிர்வீட்டில் கணவர் அபு ராமிஸ் ஏதோ கேட்டார். உம்மு ராமிஸ் அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள். துணி பீங்கானில் உரசும் சத்தத்தைக்கூட நிஹாத் விடாமல் பதிவு செய்திருந்தார். தன் வீட்டு அலமாரியைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ திறந்து பார்த்துவிட்டார்கள் என்று மஹாசினுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருத்தனும் தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக ஊரையே புதிதாகச் செய்தவள், கடைசியில் பச்சைக்கோடு மட்டும் போடாத தன் தட்டுகளைக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வேலைக்கு இறங்கும்போது உம்மு ராமிஸ் ரொட்டிக் கட்டோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். பருத்த உடம்பு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவாள். சலாம் சொன்னாள். உடம்பு எப்படி என்று கேட்டாள். மஹாசின் ஒதுங்கி வழி விட்டாள். உம்மு ராமிஸ் ஏறவில்லை, கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"நேத்து உங்க நாடகம் பாத்தோம், ஆனிசா. அந்த ரைஹானா என்ன மடச்சியா?"

மஹாசின் பையைத் தோள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தட்டைக் குடுக்கணும்னா குடுக்க வேண்டியதுதானே. வெறுந்தட்டா இருந்தா எவ அடிக்க வரப் போறா? அவ தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அனுப்பறவ எதுல அனுப்புவா? நாலு பேருக்கு அனுப்பற வீட்டுல தட்டு என்ன மரத்துலயா காய்க்குது?"

அவ்வளவுதான். ரொட்டிக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள், சொன்னது ரைஹானாவையா வேறு யாரையாவதா என்று முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மஹாசின் அன்றைக்கு ஆபீசில் ஒரு வரியும் உருப்படியாகப் படிக்கவில்லை. நிஹாத் உற்சாகமாக இருந்தார். காலையிலிருந்து போன் ஓயவில்லையாம், ஒரு வம்சமும் சண்டைக்கு வரவில்லையாம், எல்லோரும் கிழவி பாவம் என்கிறார்களாம்.

சாயங்காலம் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்தாள். அலமாரியிலிருந்து தட்டுகளை இறக்கினாள். சுத்தமாகத்தான் இருந்தன, இருந்தாலும் மறுபடி கழுவித் துடைத்தாள். வெளியே குளிர் ஏறிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக் கணப்புப் புகையும் மலைச்சரிவில் தேங்கி நின்றது. எந்த நேரமும் எதிர்க்கதவு திறந்து செருப்புச் சத்தம் கிளம்பிவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும். தட்டுகளோடு கதவைத் திறந்து, படிக்கட்டை எட்டிப் பார்த்து, இரண்டே எட்டில் அந்தப் பக்கம் போனாள். கையில் வெறும் பீங்கான். இந்த நகரத்தில் எந்தப் பெண்ணும் செய்யாததை, இல்லாத ஓர் ஊரின், ஒளிபரப்பாகாத ஒரு விதியை நம்பிச் செய்துகொண்டிருந்தாள். உம்மு ராமிஸுக்கு அந்த விதி தெரியாது. நிஹாத்துக்கும் மஹாசினுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. குனிந்து, மிதியடிக்குப் பக்கத்தில், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தாள். மணியை அடிக்கவில்லை. திரும்பி வந்து தன் கதவைச் சாத்தி அதிலேயே சாய்ந்து நின்றாள். இன்றைக்குக் குழாயைத் திறக்கவில்லை.

எதிர்க்கதவு திறந்தது. செருப்பு இரண்டு எட்டு வைத்து நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை, அல்லது அவளுக்கு வெகுநேரமாகத் தோன்றியது. பிறகு பீங்கானோடு பீங்கான் இடிக்கும் சத்தம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும் முனகல். கதவு சாத்திக்கொண்டது. முடிந்தது என்று நினைத்தாள் மஹாசின். சாயங்காலம் சலாம் சொல்லக்கூட இனி ஆள் இல்லை, நிஹாத்தின் அம்மாவைப் போல இதோடு பேச்சுவார்த்தை முடிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பீரங்கி முழங்கியது. பள்ளிவாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. அவள் கதவடியில் நின்றபடியே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

வெளியே குரல் கேட்டது. கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரியான, படிக்கட்டுக்கென்றே பழகிய குரல்.

"மஹாசின். ஆறிடும், எடுத்துட்டு உள்ள போ."

அவள் திறப்பதற்குள் எதிர்க்கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் மட்டும் வெளிச்சக் கோடு. அவள் வாசலில், தரையில், ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டு கவிழ்ந்திருந்தது. பச்சைக் கோடும் பச்சைக் கோடும் விளிம்போடு விளிம்பு சேர்ந்திருந்தன. குளிரில் சாப்பாடு ஆறாமலிருக்க மூடி வைப்பது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். அதற்கு மேல் அதில் ஏதாவது இருந்ததா என்று சொல்ல அங்கே யாருமில்லை. தொட்டாள், சுட்டது. சால்வை முனையால் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்தாள்.

மேல்தட்டைத் தூக்கியபோது அதன் உட்புறமெல்லாம் ஆவி நீராகக் கோத்திருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நிமிர்த்தி, மேஜையின் எதிர்ப்பக்கம், அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். நீர் உருண்டு தட்டின் நடுவில் வந்து சேர்ந்து நின்றது. கீழ்மாடியில் யாரோ தொலைக்காட்சியைப் போட்டார்கள். தம்ரானின் இசை தொடங்கியது, ரைஹானா இல்லாத முதல் பகுதி. மஹாசின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சூடாக இருக்கும்போதே சாப்பிடத் தொடங்கினாள்.